திரெட் முடிந்துவிட்டது என்று டெஸ்ட்டுக்கு எப்படித் தெரியும்?

ஒரு திரெட் (ஒரு ப்ராசஸுக்குள், அதாவது ஓடும் நிரலுக்குள், தனியாக ஓடும் இழை) முடிந்ததும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதைச் சரியாக அறிவிக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டை எழுதுவது எளிது. ஒரு திரெட்டைத் தொடங்கி, அதற்கு ஒரு பிட்எஃப்டி (ப்ராசஸையோ திரெட்டையோ சுட்டும் எஃப்டி, அதாவது கோப்பு எண்) திறந்து, திரெட்டை முடியவிட்டு, போல்() (எஃப்டியில் ஏதாவது நடக்கும் வரை காத்திருக்கும் அழைப்பு) அழைத்தால் போதும். 1 என்று திரும்பினால் பாஸ். இப்படி ஒரு டெஸ்ட் ரிவ்யூவுக்கு வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அறிவிப்பை அனுப்பும் வரிகளைக் கெர்னலிலிருந்து நீக்கிவிட்டு ஓட்டினால் இது ஃபெயில் ஆகுமா? மேலே சொன்ன டெஸ்ட் ஆகாது. அறிவிப்பே வராவிட்டாலும் அது பாஸ் என்றுதான் சொல்லும். அதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால், இந்த வகை டெஸ்ட்டுகளில் எங்கே கண் வைக்க வேண்டும் என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

நான் இங்கே பேசுவது லினக்ஸின் பிட்எஃப்டி பற்றி. பிட்எஃப்டி_ஓப்பன்() அழைப்பும், அந்த எஃப்டியைப் போல்() செய்யும் வசதியும் 2019-ல் லினக்ஸ் 5.3-ல் வந்தன. அப்போது அது முழு ப்ராசஸுக்கு மட்டும்தான்: கடைசித் திரெட்டும் முடிந்த பிறகே அறிவிப்பு வரும். தனித் திரெட்டைக் கவனிக்கும் பிட்எஃப்டி_திரெட் கொடி (ஃப்ளாக்) 2024 மே மாதம் வெளியான 6.9-ல் வந்தது. 2025 மே மாதம் வந்த 6.15-ல் அந்தக் கொடியின் நடத்தை ஒரு முக்கியமான இடத்தில் மாற்றப்பட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இவற்றுக்கான டெஸ்ட்டுகள் கெர்னல் மரத்திலேயே, செல்ஃப்டெஸ்ட்ஸ் கோப்புறைக்குள் பிட்எஃப்டி என்ற பெயரில் இருக்கின்றன.

முடிவு என்பது ஒரு புள்ளி அல்ல

'திரெட் முடிந்தது' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது, கெர்னலுக்குள் டூ_எக்ஸிட்() என்ற நீளமான செயல்கூறில் படிப்படியாக நடக்கிறது. ரிவ்யூ செய்பவர் அதன் வரிசையை மனதில் வைத்திருக்க வேண்டும். முதலில் எக்ஸிட்_எம்எம்(): நினைவகத்தை விடுவிப்பது. அதன் பிறகு எக்ஸிட்_ஃபைல்ஸ்(): திறந்த கோப்புகளை விடுவது. இன்னும் சில படிகள் கழித்து, கிட்டத்தட்டக் கடைசியில்தான் எக்ஸிட்_நோட்டிஃபை(). திரெட்டின் நிலை ஸோம்பியாக (முடிந்தும் கெர்னலின் பதிவிலிருந்து இன்னும் நீங்காத நிலை) மாறுவதும், பிட்எஃப்டியில் காத்திருப்பவர்களை எழுப்புவதும் அங்கேதான்.

இந்த வரிசையிலிருந்து நேராக இரண்டு பக்குகள் பிறக்கின்றன.

முதலாவது பிதிரெட்_ஜாயின்(), ஒரு திரெட் முடியும் வரை காத்திருக்கும் நூலக அழைப்பு. பலரும் அதை 'திரெட் முடிந்துவிட்டது' என்பதற்கான உறுதிச்சீட்டாக நினைக்கிறார்கள். ஜிலிப்சியில் (லினக்ஸின் வழக்கமான சி நூலகம்) பிதிரெட்_ஜாயின்() காத்திருப்பது, திரெட்டின் அடையாள எண்ணான டிஐடி பதிந்திருக்கும் நினைவக இடம் பூஜ்யமாவதற்காக. அதைப் பூஜ்யமாக்கி ஃப்யூடெக்ஸ் (திரெட்டுகளைத் தூங்கவைத்து எழுப்பும் கெர்னல் வசதி) வழியே எழுப்புவது எக்ஸிட்_எம்எம்() படியில் நடக்கிறது. அதாவது பிதிரெட்_ஜாயின்() திரும்பி வரும் நேரத்தில், அந்தத் திரெட் இன்னும் எக்ஸிட்_நோட்டிஃபை() வரை போயிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஜாயின் முடிந்த கையோடு டைம்அவுட் 0 வைத்துப் போல்() அழைத்து, '1 வர வேண்டும்' என்று அசெர்ட் போட்டால், ஆயிரத்தில் ஒரு முறை 0 வரும். கெர்னலில் தவறு எதுவும் இல்லை. டெஸ்ட் தவறான இடத்தில் நம்பிக்கை வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட தோல்வியைப் பார்த்துவிட்டு யாராவது 100 மில்லிசெகண்ட் தூக்கத்தைச் செருகினால், அந்தப் பேட்சை நான் ஏற்கமாட்டேன். போல்() அழைப்புக்கே டைம்அவுட் கொடுத்துக் காத்திருக்கச் செய்வதுதான் சரி.

இரண்டாவது பைப், ஒரு முனையில் எழுதியதை மறுமுனையில் படிக்கும் இணைப்பு. சைல்டு ப்ராசஸ் பைப்பின் ஒரு முனையை வைத்திருக்கிறது. அது செத்ததும் நம் பக்கம் ரீட்() பூஜ்யம் தரும். ஆகவே செத்துவிட்டது என்று தெரியும் என்பது வாதம். பைப் மூடப்படுவது எக்ஸிட்_நோட்டிஃபை()க்கு முன்னால். பூஜ்யம் வந்ததற்கு 'கோப்புகள் மூடப்பட்டன' என்று மட்டுமே அர்த்தம். திரெட்டுகளுக்கு இது இன்னும் மோசம்: எல்லாத் திரெட்டுகளும் ஒரே கோப்பு அட்டவணையைப் பகிர்வதால், ஒரு திரெட் மட்டும் முடிந்தால் எதுவுமே மூடப்படாது, ரீட்() தொங்கிக்கொண்டிருக்கும்.

சுருங்கச் சொன்னால், முடியப்போகும் திரெட் தானே 'நான் முடிந்துவிட்டேன்' என்று சொல்ல முடியாது. அது எதை எழுதினாலும் உயிரோடு இருக்கும்போது எழுதியதுதான். வெளியிலிருந்து பார்ப்பது ஒன்றே வழி. அதற்குக் கெர்னலின் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் கோப்பு முறை இருக்கிறது: ப்ராசஸ் எண்ணுக்குக் கீழே டாஸ்க் கோப்புறையில், திரெட் எண்ணின் ஸ்டாட் கோப்பு. அதன் மூன்றாவது புலம் நிலையைச் சொல்லும். ஸோம்பி என்றால் இசட். அதைப் படிக்கும் குறியீட்டையும் கவனியுங்கள். இரண்டாவது புலம் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயர். அந்தப் பெயரிலேயே இடைவெளியும் அடைப்புக்குறியும் வரலாம் என்பதால், இடைவெளியை எண்ணிக்கொண்டு போகாமல், வரியில் கடைசியாக வரும் மூடும் அடைப்புக்குறியைத் தேடி அங்கிருந்து படிக்க வேண்டும்.

டைம்அவுட் மறைக்கும் பக்

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

பிட்எஃப்டியில் அறிவிப்பு என்பது இரண்டு தனித்தனி வேலைகள். ஒன்று, போல்() அழைக்கும்போது 'இந்தத் திரெட் இப்போது முடிந்த நிலையில் இருக்கிறதா' என்று பார்க்கும் சரிபார்ப்பு. இது பிட்எஃப்டி_போல்() செயல்கூறில் இருக்கிறது. மற்றது, ஏற்கெனவே போல்() உள்ளே தூங்குபவரை எழுப்புவது, இது டூ_நோட்டிஃபை_பிட்எஃப்டி(). திரெட் முடிந்த பிறகு போல்() அழைக்கும் டெஸ்ட் முதல் வேலையை மட்டுமே தொடுகிறது. எழுப்பும் குறியீடு ஓடியதா, இல்லையா என்று அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே அந்த வரிகளை நீக்கினாலும் அது பாஸ் ஆகும்.

சரி, போல்() முதலில் தூங்கட்டும், பிறகு திரெட்டை முடிப்போம் என்று டெஸ்ட்டை மாற்றி எழுதுகிறார்கள். காத்திருப்பவர் ஒரு தனித் திரெட். டைம்அவுட் 5 செகண்ட். திரும்பி வருவது 1 ஆக இருக்க வேண்டும். இதுவும் போதாது என்பதுதான் பலரும் கவனிக்காத விஷயம். கெர்னலில் போல்() செய்யும் சுழலைப் படித்துப் பாருங்கள்: டைம்அவுட் ஆனதும் அது உடனே 0 என்று திரும்பிவிடுவதில்லை. எல்லா எஃப்டிகளையும் இன்னும் ஒரே ஒரு சுற்று சரிபார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. எழுப்புதல் தொலைந்துபோயிருந்தாலும், 5 செகண்ட் கழித்து அந்தக் கடைசிச் சுற்றில் 'திரெட் முடிந்திருக்கிறதே' என்று கண்டுபிடித்து 1 தந்துவிடும். டெஸ்ட் பாஸ். பயனரின் நிரலில் இதே பக் முடிவில்லாமல் தொங்கும், ஏனென்றால் அவர்கள் டைம்அவுட்டாக -1 வைத்திருப்பார்கள்.

இதைப் பிடிக்க மூன்று வழிகள் உண்டு. டைம்அவுட் -1 வைத்துவிட்டு, தொங்கினால் ஹார்னெஸின் (டெஸ்ட்டுகளை ஓட்டும் சட்டகம்) நேர வரம்பு கொல்லட்டும் என்று விடுவது ஒன்று. மோனோடோனிக் கடிகாரத்தில் முன்னும் பின்னும் நேரம் எடுத்து, டைம்அவுட்டுக்கு வெகு முன்பே திரும்பியதா என்று பார்ப்பது இன்னொன்று. 5 செகண்ட் டைம்அவுட்டுக்கு, 2 செகண்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்ற வரம்பு, மெதுவான விர்ச்சுவல் மெஷினிலும் தாங்கும். மூன்றாவது, ஈபோல் (எஃப்டிகளை முன்கூட்டியே பதிந்து வைத்துக் காத்திருக்கும் இன்னொரு வசதி) பயன்படுத்துவது. ஈபோல் காத்திருக்கும்போது நம்புவது, எழுப்பும்போது நிரப்பப்படும் தயார்ப் பட்டியலை மட்டுமே. எழுப்புதல் வராவிட்டால் டைம்அவுட்டில் அது 0 தரும், பக் வெளியே தெரியும். எனக்கு ஈபோல் வழிதான் பிடிக்கும். தோற்றால் என்ன தோற்றது என்று தெளிவாகத் தெரிகிறது. ஒரே நிபந்தனை, எஃப்டியை ஈபோலில் சேர்ப்பது திரெட் முடிவதற்கு முன் நடக்க வேண்டும். சேர்க்கும்போதே ஒரு சரிபார்ப்பு நடப்பதால், தாமதமாகச் சேர்த்தால் பழைய ஓட்டைக்கே திரும்பிவிடுவோம்.

'போல்() முதலில் தூங்கட்டும்' என்பதையும் உறுதி செய்தாக வேண்டும். காத்திருக்கும் திரெட் 'நான் போல்() அழைக்கப் போகிறேன்' என்று செய்தி அனுப்பினால், அது அழைப்பதற்கு முன் நிலை. அதற்கும் உண்மையில் தூங்குவதற்கும் இடையே எவ்வளவு நேரமும் போகலாம். ப்ராக் கோப்பு முறையில் அந்தத் திரெட்டின் சிஸ்கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) கோப்பு, அது எந்த அழைப்பில் தடைபட்டு நிற்கிறது என்று எண்ணாகச் சொல்லும். எக்ஸ்86-64-ல் போல்() எண் 7. ஏஆர்எம்64-ல் போல்() என்ற சிஸ்கால் கிடையாது. ஜிலிப்சி பிபோல்() எண் 73-ஐ அழைக்கும். ஆகவே 7 என்று நேரடியாக எழுதிய டெஸ்ட் ஏஆர்எம் கணினியில் சுழன்றுகொண்டே இருக்கும். ஈபோல் முறையில் இந்தத் தொல்லை இல்லை என்பது அதை நான் விரும்ப இன்னொரு காரணம்.

எழுப்புதலைச் சோதிக்க எந்தத் திரெட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். லீடர் (ப்ராசஸின் முதன்மைத் திரெட்) அல்லாத சாதாரணத் திரெட் முடிந்தால், யாரும் வெயிட்() (முடிந்ததன் முடிவைப் பெற்றுக்கொள்ளும் அழைப்பு) செய்ய வேண்டியதில்லை. டீபக்கர் போன்ற ஒன்று ட்ரேஸ் செய்யாத வரை கெர்னல் அதைத் தானே உடனடியாக ரீப் செய்துவிடும், அதாவது பதிவிலிருந்து நீக்கிவிடும். ரீப் ஆகும்போது இன்னொரு எழுப்புதல் நடக்கிறது. ஆக இரண்டு எழுப்புதல்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது உடைந்திருந்தாலும் இரண்டாவது காப்பாற்றிவிடும். முதலாவதைத் தனியாகச் சோதிக்க வேண்டுமானால், கடைசியாக முடியும் லீடரை எடுத்துக்கொண்டு, பேரண்ட் வெயிட்() செய்யாமல் அதை ஸோம்பியாகவே நிறுத்தி வைக்க வேண்டும்.

வராத அறிவிப்பை நிரூபிப்பது

அறிவிப்பு வருகிறதா என்று பார்ப்பதைவிட, வரக்கூடாத நேரத்தில் வராமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கடினம். 6.15-ல் மாறிய நடத்தை முழுக்க இந்த வகை.

லீடர் திரெட் மற்றவர்களுக்கு முன்பே முடிந்துவிடலாம். அப்படி முடிந்தால் அது ஸோம்பியாக நிற்கும், மற்ற திரெட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். 6.9 முதல் 6.14 வரை, லீடருக்குப் பிட்எஃப்டி_திரெட் கொடியுடன் திறந்த எஃப்டியில் அந்த நேரத்தில் 'முடிந்தது' என்று அறிவிப்பு வந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மீதியுள்ள திரெட்டுகளில் ஒன்று எக்ஸெக்() (ப்ராசஸில் வேறு நிரலை ஏற்றி ஓட்டும் அழைப்பு) அழைத்தால் என்ன ஆகும்? மற்ற எல்லாத் திரெட்டுகளும் கொல்லப்பட்டு, எக்ஸெக்() அழைத்த திரெட் லீடரின் எண்ணையே எடுத்துக்கொள்ளும். கெர்னலில் அந்த எண்ணைக் குறிக்கும் அமைப்பு அப்படியே கை மாறுகிறது. நம் பிட்எஃப்டி சுட்டுவதும் அதே அமைப்பைத்தான். எக்ஸெக்()க்கு முன் போல்() செய்தவருக்கு 'முடிந்தது' என்று வரும். பின் போல்() செய்தவருக்கு 'உயிரோடு இருக்கிறது' என்று வரும். ஒரே எஃப்டி, கேட்ட நேரத்தைப் பொறுத்து இரண்டு பதில்கள். 6.15-ல் இதைச் சரிசெய்தார்கள்: லீடர் முன்கூட்டியே முடிந்தால் அறிவிப்பு கிடையாது. கடைசித் திரெட்டும் முடியும்போது வரும். இடையில் ஒரு திரெட் எக்ஸெக்() செய்துவிட்டால், பழைய லீடருக்காக வரவே வராது.

இதற்கு எழுதப்படும் டெஸ்ட்டின் சாரம்: லீடரை முடி, போல்() 0 தர வேண்டும். இங்கே டைம்அவுட் 10 செகண்டா, 5 செகண்டா என்று ரிவ்யூவில் விவாதம் போகும். என் கருத்தில் அது தேவையற்ற விவாதம். லீடர் உண்மையிலேயே ஸோம்பி ஆகிவிட்டது என்று தெரியாமல் 10 செகண்ட் காத்தாலும் அது ஊகம்தான். லீடர் எங்கோ தடைபட்டு நின்று, முடியவே இல்லை என்றாலும் போல்() 0 தான் தரும், டெஸ்ட் பாஸ் ஆகும். ஸ்டாட் கோப்பில் இசட் என்று பார்த்துவிட்டால், உடனே டைம்அவுட் 0 வைத்துக் கேட்டாலே சரிபார்ப்புப் பகுதிக்கான பதில் கிடைத்துவிடும். எழுப்புதலுக்காக ஈபோலில் 200 மில்லிசெகண்ட் கூடுதலாகக் காத்தால் போதும். நீண்ட டைம்அவுட்டுக்கு இன்னொரு விலையும் உண்டு: கேசெல்ஃப்டெஸ்ட் ஹார்னெஸில் ஒரு டெஸ்ட்டுக்கு இயல்பான வரம்பு 30 செகண்ட், ஓட்டும் ஸ்கிரிப்ட் ஒரு முழு நிரலுக்கே 45 செகண்ட்தான் தருகிறது, செட்டிங்ஸ் கோப்பில் மாற்றாத வரை. 10 செகண்ட் எதிர்மறைக் காத்திருப்பு ஐந்து இடங்களில் இருந்தால், எந்தத் தவறும் இல்லாமலேயே நிரல் கொல்லப்படும்.

லீடரை மட்டும் முடிப்பது எப்படி என்பதிலேயே தவறுகள் வருகின்றன. மெயின்() செயல்கூறிலிருந்து திரும்பினால் முழு ப்ராசஸும் போய்விடும். எக்ஸிட்() அழைத்தாலும் அப்படியே. அடிக்கோட்டுடன் தொடங்கும் _எக்ஸிட்() கூட ஜிலிப்சியில் எக்ஸிட்_குரூப் சிஸ்காலைத்தான் அழைக்கிறது. ஒரு திரெட்டை மட்டும் முடிக்கும் என்று நினைத்து அதைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. சிஸ்கால்() வழியாக எக்ஸிட் எண்ணை நேரடியாக அழைக்க வேண்டும். பிதிரெட்_எக்ஸிட்() வேலை செய்யும், ஆனால் அது ஸ்டாக்கைப் பின்னோக்கி அவிழ்க்க லிப்ஜிசிசியின் பகிர்வு நூலகத்தைத் தேடும்; டெஸ்ட் ஓடும் சிறிய இனிட்ராம்எஃப்எஸ் பிம்பத்தில் அது இல்லாவிட்டால் அபார்ட் ஆகிவிடும்.

எக்ஸெக்() பக்கத்திலும் இதே ஒழுங்கு வேண்டும்: எக்ஸெக்() உண்மையில் நடந்து முடிந்தது என்று தெரிந்த பிறகே போல்() செய்ய வேண்டும். க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் கொடி வைத்த பைப் இதற்கு மிகவும் பொருத்தம். கெர்னல் முதலில் மற்ற திரெட்டுகளை ஒழித்து எண்ணைக் கைமாற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் அந்தக் கொடி உள்ள எஃப்டிகளை மூடுகிறது. நம் பக்கம் ரீட்() பூஜ்யம் தந்தால், கைமாற்றம் முடிந்துவிட்டது என்று நிச்சயம். இரண்டு நிபந்தனைகள்: எழுதும் முனையின் நகலைப் பேரண்ட் மூடியிருக்க வேண்டும், எக்ஸெக்() தோற்றால் எர்னோவை (பிழை எண்) அந்தப் பைப்பிலேயே எழுத வேண்டும், இல்லையென்றால் தோல்வியும் வெற்றியும் ஒரே மாதிரி தெரியும்.

இதே டெஸ்ட்டில் பலர் விட்டுவிடும் மறுபாதி ஒன்று உண்டு. எக்ஸெக்() அழைத்த திரெட்டுக்கே, அதன் பழைய எண்ணில், ஒரு பிட்எஃப்டி_திரெட் எஃப்டி திறந்து வைத்திருந்தால் அதற்கு முடிவு அறிவிப்பு வரும். குறியீடு ஓடிக்கொண்டிருந்தாலும் அந்தப் பழைய எண் ஒழிந்துவிட்டது. லீடர் எஃப்டியில் வராததையும், இந்த எஃப்டியில் வருவதையும் ஒரே டெஸ்ட்டில் சேர்த்துப் பார்த்தால், 'வரவில்லை' என்ற பாதிக்கு வலு கூடுகிறது: நிகழ்வு நடந்தது, ஒரு பக்கம் மட்டும் அமைதியாக இருந்தது என்று தெரிகிறது.

எதிர்மறை டெஸ்ட்டில் நான் எப்போதும் தேடும் இன்னொரு ஓட்டை: பிட்எஃப்டி_ஓப்பன்() தந்த மதிப்பைச் சரிபார்த்தார்களா? தோற்று -1 தந்திருந்தால், போல்() எதிர்மறை எஃப்டியைப் புறக்கணித்துவிட்டு, டைம்அவுட் வரை காத்து 0 தரும். 'அறிவிப்பு வரவில்லை, பாஸ்.' நேர்மறைப் பக்கத்தில் இதன் எதிரொலி: ஏற்கெனவே மூடிய எஃப்டியைக் கொடுத்தால் போல்() உடனே 1 தரும், ரெவெண்ட்ஸில் (என்ன நடந்தது என்று போல்() நிரப்பும் பிட்டுகள்) போல்என்வல் (செல்லாத எஃப்டி) இருக்கும். திரும்பிய எண்ணை மட்டும் பார்க்கும் டெஸ்ட் அதையும் வெற்றி என்று எடுத்துக்கொள்ளும்.

பிட்டுகள்

ரெவெண்ட்ஸ் மதிப்பை எப்படி ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். 6.9 முதல், முடிந்தால் போல்இன். ரீப் ஆகிவிட்டால் அதோடு போல்ஹப்பும் சேர்ந்து வரும். சாதாரணத் திரெட் தானே ரீப் ஆவதால், போல்இன் மட்டும் தெரியும் இடைவெளி மிகச் சிறியது. 'ரெவெண்ட்ஸ் போல்இன்னுக்குச் சமம்' என்று எழுதினால் அது அந்தப் பந்தயத்தை நம்பும் டெஸ்ட். பிட்டைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். லீடரில் நிலைமை வேறு: வெயிட்() செய்யும் வரை போல்ஹப் வரக்கூடாது, செய்த பிறகு வந்தாக வேண்டும். இரண்டையும் அசெர்ட் செய்வது நல்ல டெஸ்ட்.

முடிவுக் குறியீட்டைப் படிப்பதும் இதோடு தொடர்புடையது. 6.15-ல் வந்த பிட்எஃப்டி_இன்ஃபோ_எக்ஸிட் வழியாக, ரீப் ஆன பிறகும் எக்ஸிட் மதிப்பைக் கேட்கலாம். போல்இன் வந்த உடனே கேட்டால் ரீப் இன்னும் நடந்திருக்காமல் போகலாம், பதிலின் மாஸ்க்கில் எக்ஸிட் மதிப்புக்கான பிட் இருக்காது. போல்ஹப் வரும் வரை காத்திருந்து கேட்க வேண்டும். அப்புறம், வரும் மதிப்பு வெயிட்() தரும் வடிவத்தில் இருக்கும். எக்ஸிட்(3) என்றால் 3 வராது, 768 வரும்.

ஹார்னெஸ் செய்யும் காரியங்கள்

ஹார்னெஸின் அசெர்ட் மேக்ரோ தோற்றால் லாங்ஜம்ப்() செய்து டெஸ்ட்டின் முடிவுப் பகுதிக்குப் போகிறது. தொடங்கி வைத்த திரெட்டின் உள்ளே அந்த மேக்ரோவைப் பயன்படுத்தினால், ஒரு திரெட்டின் ஸ்டாக்கிலிருந்து இன்னொன்றின் ஸ்டாக்குக்குத் தாவுகிறோம். என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபோர்க்() செய்த சைல்டுக்குள் பயன்படுத்தினால், சைல்டு தன் நகலில் டியர்டவுன் (டெஸ்ட் முடிந்ததும் துப்புரவு செய்யும்) பகுதியை ஓட்டிவிட்டு வெளியேறும். பேரண்டுக்குச் செய்தியே போகாது. ரிவ்யூவில் இது கண்ணில் பட்டால் உடனே நிறுத்துங்கள். சைல்டுக்குள் தனித்தனி எக்ஸிட் எண்களும், திரெட்டுக்குள் திரும்பும் மதிப்பும் போதும். அசெர்ட் எல்லாம் பேரண்டில்.

ஸ்கிப் பற்றி. பழைய கெர்னலில் பிட்எஃப்டி_திரெட் கொடி தெரியாது, ஈஇன்வல் (செல்லாத மதிப்பு என்ற பிழை) வரும். டெஸ்ட் ஸ்கிப் ஆக வேண்டும். ஆனால் வேறு தவறுகளுக்கும் ஈஇன்வல் வரும். உதாரணமாக, லீடர் அல்லாத எண்ணை அந்தக் கொடி இல்லாமல் திறந்தாலும் 6.9-ல் ஈஇன்வல்தான், பின்னர் அது ஈநோஎன்ட் ஆனது. டெஸ்ட்டின் நடுவே 'ஈஇன்வல் வந்தால் ஸ்கிப்' என்று எழுதினால், உண்மையான பக் ஸ்கிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். தொடக்கத்தில் ஒரே ஒரு முறை, தன் சொந்த ப்ராசஸ் எண்ணை அந்தக் கொடியுடன் திறந்து பார்த்து, வசதி இருக்கிறதா என்று தீர்மானித்துவிட வேண்டும். அதன் பிறகு வரும் எந்த ஈஇன்வலும் ஃபெயில்.

டெஸ்ட் தோற்றால் பாஸ்() அழைப்பில் (சிக்னல் வரும் வரை தூங்கவைக்கும் அழைப்பு; வெற்றியைச் சொல்லும் பாஸ் அல்ல) உறங்கும் சைல்டுகள் பின்னால் தங்கிவிடும். அதற்காகப் பேரண்ட் இறந்தால் எனக்கு சிக்கில் (கொல்லும் சிக்னல்) அனுப்பு என்று பிஆர்சிடிஎல்() வைப்பார்கள். அங்கே 'பேரண்ட்' என்பது ப்ராசஸ் அல்ல, ஃபோர்க்() செய்த திரெட். துணைத் திரெட்டிலிருந்து ஃபோர்க்() செய்துவிட்டு அந்தத் திரெட் முடிந்தால், பேரண்ட் ப்ராசஸ் நன்றாக இருக்கும்போதே சைல்டு செத்துவிடும். திரெட் முடிவைச் சோதிக்கும் குறியீட்டில் இந்தக் கண்ணி எளிதாக மிதிபடும். டியர்டவுனில் பிட்எஃப்டி_சென்ட்_சிக்னல்() கொண்டு கொன்று, வெயிட்() செய்வது பாதுகாப்பானது.

உடைத்துப் பார்த்தல்

கடைசியில், படித்தது போதாது, ஓட்ட வேண்டும். அதுவும் உடைந்த கெர்னலில். பிட்எஃப்டி_போல்()க்குள் 'லீடர் முன்கூட்டியே முடிந்ததா' என்று பார்க்கும் நிபந்தனையை நீக்கிக் கட்டினால், எதிர்மறை டெஸ்ட்டுகள் தோற்க வேண்டும். அங்கே விட்டுவிட்டு எக்ஸிட்_நோட்டிஃபை() வழியே நடக்கும் எழுப்புதலை நீக்கினால், எழுப்புதல் டெஸ்ட் மட்டும் தோற்க வேண்டும். லீடர் முதலில் முடிந்து சாதாரணத் திரெட் கடைசியாக முடியும் வழி தனி: அங்கே லீடருக்கான அறிவிப்பு, கடைசித் திரெட்டை ரீப் செய்யும் ரிலீஸ்_டாஸ்க்() செயல்கூறிலிருந்து புறப்படுகிறது. அதை உடைத்தும் எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆனால், அந்த வரிசையை யாரும் சோதிக்கவில்லை என்று அர்த்தம். கெர்னலைக் கட்ட நேரமில்லை என்றால், 6.14-ல் ஓட்டிப் பாருங்கள். லீடர் முன்கூட்டியே முடியும் டெஸ்ட் அங்கே ஃபெயில் என்று சொல்ல வேண்டும், ஸ்கிப் என்று அல்ல.

நல்ல கெர்னலிலும் ஒரு முறை பாஸ் ஆனதை நம்பாதீர்கள். கேமு விர்ச்சுவல் மெஷினில் ஒரே சிபியூ கொடுத்து ஆயிரம் முறை, நான்கு சிபியூ கொடுத்து ஆயிரம் முறை, பின்னணியில் ஸ்ட்ரெஸ்-என்ஜி சுமை வைத்து இன்னொரு ஆயிரம். ஒரே சிபியூவில் திரெட்டுகள் மாறி மாறி ஓடும் வரிசை வேறு. பிதிரெட்_ஜாயின்() பந்தயம் போன்றவை சுமையின் கீழ்தான் தலைகாட்டும். நினைவகப் பிழைகளையும் பூட்டுப் பிழைகளையும் தேடும் கேசான், ப்ரூவ்_லாக்கிங் இரண்டையும் இயக்கிய கட்டமைப்பில் ஒரு தொகுதி ஓட்டினால் நேரங்கள் நீண்டு, 2 செகண்ட் வரம்பு போன்றவை சரியாக வைக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் தெரிந்துவிடும். அந்த ஓட்டங்களில் ஒரு முறை தோற்றால், டைம்அவுட்டைக் கூட்டச் சொல்வதற்கு முன், தோற்ற இடத்தில் எந்தத் திரெட்டின் முடிவுக்காகக் காத்திருந்தோமோ அதன் ஸ்டாட் கோப்பு என்ன காட்டியது என்பதை டெஸ்ட்டே அச்சிடும்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இசட் என்று இருந்தால் கெர்னலைத் தோண்ட வேண்டும். எஸ் (தூக்கம்) என்று இருந்தால் திரெட் இன்னும் முடியவே இல்லை, தோண்ட வேண்டியது டெஸ்ட்டை.